நரம்பு டாக்டரும் கோடாங்கியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் கண்ட கனவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்யாண வீடுகளில் பாடி வருகிறார்கள். நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகம் அது. மாப்பிள்ளை ஊர்வலமாக வருவதில் தொடங்கி, பந்தல், கைத்தலம் பற்றுவது, தீவலம், அம்மி மிதிப்பது என்று ஒவ்வொரு சடங்காக ஆண்டாள் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டே போகிறாள். வைணவத் திருமணத்தில் அதைக் கேட்கும் யாரும் இந்தக் கனவுக்கு உள்ளர்த்தம் என்னவென்று யோசிப்பதில்லை. ஆசைப்பட்டாள், கனவு கண்டாள், சொன்னாள். ஊரே அதைப் பாடுகிறது.

1899 நவம்பரில் வியன்னாவில் கனவைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் வெளிவந்தது. புது நூற்றாண்டின் நூலாக இருக்கட்டும் என்று பதிப்பாளர் அட்டையில் 1900 என்று அச்சிட்டார். அச்சடித்த 600 பிரதிகள் விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின. எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். நூல் ‘கனவுகளின் விளக்கம்’. அதன் அடிப்படை வாதம் ஆண்டாள் கனவுக்கு நேர் எதிர்: கனவை அது சொல்கிறபடி நம்பக் கூடாது. கனவில் ஆசை இருக்கிறது, ஆனால் வேஷம் போட்டுத்தான் வரும். மனத்துக்குள் ஒரு தணிக்கை அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணில் மண்ணைத் தூவினால்தான் ஆசை வெளியே தலைகாட்ட முடியும்.

இந்தத் தணிக்கை அதிகாரி எங்கிருந்து வந்தார் என்பது சுவாரசியமான கதை. 1897 டிசம்பரில் நண்பர் வில்ஹெல்ம் ஃப்லீஸுக்கு எழுதிய கடிதத்தில், ரஷ்ய எல்லையில் வெளிநாட்டுப் பத்திரிகைகளை வரி வரியாகக் கறுப்பு மையால் அடித்து உள்ளே விடுவார்களே, அந்தத் தணிக்கையை ஃப்ராய்ட் நினைவுகூர்கிறார். அதிகாரத்துக்கு அஞ்சிப் பூடகமாக எழுத வேண்டியிருக்கும் அரசியல் எழுத்தாளரைக் கனவு நூலிலும் உதாரணம் காட்டுகிறார். அவர் வாழ்ந்த காலத்தின் அரசியல், மனித மனத்தின் வரைபடத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. அவர் உருவாக்கிய உளப்பகுப்பாய்வு என்ற துறை முழுவதையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அதன் முறை எங்கே பிறந்தது, அதன் முடிவுகள் எந்த வீட்டுக் கூடத்தில் எழுதப்பட்டன என்று தேடினால் நம் ஊர்ப் பக்கமும் சில தடயங்கள் கிடைக்கும்.

ஃப்ராய்ட் 1856 மே 6 அன்று மொராவியாவில் ஃப்ரைபெர்க் என்ற சிறிய நெசவு ஊரில் பிறந்தார். அப்பா யாக்கோப் கம்பளி வியாபாரி. தொழில் படுத்ததும் குடும்பம் ஊரைக் காலி செய்து, 1860 வாக்கில் வியன்னாவில் யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிக்கு வந்து சேர்ந்தது. பஞ்சு விலை ஏறினால் ஒரு மாதிரியும் இறங்கினால் ஒரு மாதிரியும் மூச்சு விடும் ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1867-ல் ஆஸ்திரியப் பேரரசு யூதர்களுக்குச் சம உரிமை கொடுத்தது. ஒரு தலைமுறை யூதப் பிள்ளைகள் டாக்டராகலாம், வக்கீலாகலாம், மந்திரியாகக்கூட ஆகலாம் என்ற நம்பிக்கையோடு படித்தார்கள். ஃப்ராய்ட் பல்கலைக்கழகத்தில் நுழைந்த 1873-ல் வியன்னா பங்குச்சந்தை சரிந்தது. பழியை யூதர்கள் மேல் போடுவது எளிதாக இருந்தது. 1897-ல் யூத வெறுப்பை மேடைக்கு மேடை விற்ற கார்ல் லூகர் நகரின் மேயரானார். கதவு திறந்து பாதியிலேயே நின்றுவிட்ட நிலை அது. வரலாற்றாசிரியர் கார்ல் ஷோர்ஸ்கி இந்த இடத்தில் ஒரு வாதம் வைக்கிறார்: வெளியே அரசியலில் தோற்ற தலைமுறை, உள்ளே திரும்பி மனத்தைத் தன் களமாக்கிக்கொண்டது என்கிறார். முழுக்க ஏற்க முடியாவிட்டாலும், ஒதுக்கித் தள்ள முடியாத வாதம்.

ஃப்ராய்ட் நரம்பு மருத்துவத்துக்கு வந்ததற்குக் காரணம் பணமுடைதான். மாணவராக இருந்தபோது விலாங்கு மீனின் விரையைத் தேடி ட்ரியெஸ்தே நகரில் சுமார் 400 மீன்களை அறுத்துப் பார்த்தவர் அவர். (பின்னாளில் எல்லாவற்றிலும் பாலுறுப்பைத் தேடினார் என்று கேலி செய்பவர்களுக்கு இந்தத் தகவல் அல்வா.) பேராசிரியர் ப்ரூக்கேயின் ஆய்வுக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழிக்கத்தான் விரும்பினார். ஆனால் 1882-ல் மார்த்தாவோடு நிச்சயமாயிற்று. ஆய்வுக்கூடச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது என்று ப்ரூக்கேயே எடுத்துச் சொன்னார். 1886-ல் ஈஸ்டர் ஞாயிறன்று ஃப்ராய்ட் நரம்பு மருத்துவராகப் பலகை மாட்டினார்.

மகளுக்கு மனநோய் என்று சொன்னால் அடுத்த மகளுக்கு வரன் வராது. நரம்புக் கோளாறு என்றால் அவ்வளவு கேவலமில்லை. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மதுரைக்கு ‘நரம்பு டாக்டரைப்’ பார்க்கப் பஸ் ஏறுகிறவர்களில் பலர் போய் உட்காருவது மனநல மருத்துவர் முன்னால்தான். வியன்னாவின் வசதியான வீடுகளும் இதே கணக்கில்தான் தங்கள் பெண்களை அனுப்பின. வந்தவர்களுக்குக் கை விளங்கவில்லை, குரல் அடைத்தது, கண் மங்கியது, வலிப்பு வந்தது. சோதித்துப் பார்த்தால் நரம்பில் ஒரு குறையும் இல்லை. ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்து, மின்சாரம் பாய்ச்சினார்கள், நீர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். நடிக்கிறாள் என்றும் சொன்னார்கள்.

நடிப்பில்லை என்று ஓங்கிச் சொன்னவர் பாரிஸின் ஷார்கோ. அவருடைய சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஃப்ராய்ட் 1885 அக்டோபர் முதல் 1886 பிப்ரவரி வரை இருந்தார். ஷார்கோ நோயாளிப் பெண்ணை மேடையில் நிறுத்தி, அறிதுயிலில் ஆழ்த்தி, வார்த்தையாலேயே கையை முடக்குவார், வார்த்தையாலேயே விடுவிப்பார். அந்தக் காட்சியை வரைந்த ஓவியத்தின் அச்சுப் பிரதி ஒன்று பிற்காலம் வரை ஃப்ராய்டின் அறையில் தொங்கியது. 1887-ல் ஷார்கோவும் அவர் சகா ரிஷேரும் இன்னொரு காரியம் செய்தார்கள். ஐரோப்பிய ஓவியங்களில் பேய் பிடித்தவர்களாக வரையப்பட்டிருந்த உருவங்களைத் தொகுத்து, உடல் வில்லாக வளைவதையும் கண் செருகுவதையும் காட்டி, இவர்களுக்கெல்லாம் இருந்தது ஹிஸ்டீரியாதான் என்று நூல் வெளியிட்டார்கள். பேயோட்டியிடமிருந்து நோயாளியை டாக்டர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிரான்ஸில் மதகுருக்களுக்கும் குடியரசுக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் அது ஓர் ஆயுதமாகவும் இருந்தது.

இந்த இழுபறி நமக்குப் புதிதில்லை. சங்க அகப்பாடல்களில் குறிஞ்சித் திணையைப் புரட்டினால் இதே வழக்கு கண்ணில் படும். மகள் இளைக்கிறாள், பசலை பாய்கிறது, பேச்சு குறைகிறது. தாய் பதறிக் குறிசொல்லும் கட்டுவிச்சியைக் கேட்கிறாள். கழங்கு போட்டுப் பார்த்து முருகன் அணங்கியிருக்கிறான் என்று முடிவாகிறது. வேலன் வருகிறான், களம் இழைத்து, ஆட்டுக் கிடாய் அறுத்து, வெறியாட்டு. ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே ‘வெறிப்பத்து’ என்று தனியாகப் பத்துப் பாடல்கள் வைத்திருக்கிறார். நோய்க்குக் காரணம் மலைநாட்டுக் காதலன் என்பது தோழிக்குத் தெரியும், வாசகனுக்குத் தெரியும், அவளுக்கே தெரியும். தாய்க்கும் வேலனுக்கும்தான் தெரியாது. தன்னால் வந்த நோயில்லை என்று தெரிந்தும் வந்து நிற்கிறாயே, கடவுளானாலும் நீ மடையன்தான் என்று முருகனையே ஏசும் தோழி நற்றிணையில் இருக்கிறாள். உடலில் தோன்றும் நோய்க்குச் சொல்ல முடியாத ஆசை காரணமாக இருக்கலாம் என்பது அந்தப் புலவர்களுக்கு ஆய்வு முடிவாகத் தோன்றவில்லை. கவிதை மரபின் சாதாரண முடிச்சாக இருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். அகப்பாடலில் ரகசியம் தோழியிடம் பத்திரமாக இருக்கிறது. நேரம் பார்த்துச் செவிலியிடமும், செவிலி வழியாகத் தாயிடமும் போய்ச் சேரும். அறத்தொடு நிற்றல் என்று அதற்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள். வியன்னாவின் அடுக்குமாடி வீட்டுப் பெண்ணுக்குத் தோழி இல்லை. அந்தக் காலியிடத்தில்தான் டாக்டர் வந்து உட்கார்ந்தார். மணிக்கணக்குக்குக் கட்டணமும் வாங்கினார்.

முதலில் வந்தவள் பெர்த்தா பப்பன்ஹைம். ஃப்ராய்டின் மூத்த நண்பர் யோசப் ப்ராயரிடம் 1880 டிசம்பரில் வந்தபோது அவளுக்கு 21 வயது. நான்கு மொழி படிக்கத் தெரிந்தவள். தம்பி பல்கலைக்கழகம் போனான்; அவளுக்கு வீட்டில் பூத்தையல். நோயில் கிடந்த அப்பாவுக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தவள் தானே படுத்தாள். வலது கை மரத்தது. தாய்மொழியான ஜெர்மன் மறந்துபோய் ஆங்கிலத்தில் பேசினாள். ஒரு கோடைக்காலத்தில் தண்ணீர் டம்ளர் உதட்டில் பட்டாலே தள்ளிவிட்டாள். வாரக்கணக்கில் பழங்களைத் தின்றே தாகம் தணித்தாள். மாலை நேர மயக்கத்தில் பேச விட்டபோது, வீட்டுத் துணைப் பெண்ணின் நாய் டம்ளரில் வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்ததாகவும், அருவருப்பை அடக்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனதாகவும் கொட்டித் தீர்த்தாள். உடனே தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பேச்சு வைத்தியம் என்று அந்த முறைக்குப் பெயர் வைத்தவள் அவளேதான். புகைபோக்கியைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வேடிக்கையாகவும் சொல்வாள்.

இன்னொருத்தி ஃபான்னி மோசர், பணக்கார விதவை. 1889-ல் ஃப்ராய்ட் அவளிடம் அது எதனால் வந்தது, இது எதனால் வந்தது என்று துருவிக்கொண்டே இருந்தார். சும்மா குறுக்கே கேட்காதீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள் என்று அவள் எரிந்து விழுந்தாள். ஃப்ராய்ட் வாயை மூடினார். தோன்றுவதையெல்லாம் தோன்றியபடி சொல்ல விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது என்ற மைய உத்தி இப்படி உருவானதுதான். பாடநூல்களில் ஃப்ராய்ட் கண்டுபிடித்ததாக இருக்கும். பாதிப் பங்கு இந்தப் பெண்களுக்குச் சேரவேண்டியது என்பேன்.

இந்த நோயாளிகளின் கதைகளை ப்ராயரும் ஃப்ராய்டும் 1895-ல் மாற்றுப் பெயர்களில் வெளியிட்டார்கள். அதில் எலிசபெத் என்று குறிப்பிடப்படும் பெண்ணின் கதை அப்படியே அகப்பாடல். காலில் தீராத வலி. துருவிப் போனால், அக்காள் இறந்து கிடந்த கட்டிலருகே நின்றபோது, இனி அக்காள் கணவர் விடுதலையானார், நான் அவரை மணக்கலாம் என்ற எண்ணம் மின்னலாக வந்து போனது என்று கதை முடிகிறது. ஃப்ராய்ட் அதைச் சொன்னதும் அவள் அலறி மறுத்தாள். மறுப்பே ஆதாரம் என்று ஃப்ராய்ட் எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவள் தன் மகளிடம், தாடி வைத்த இளம் நரம்பு டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள், நான் அத்தானைக் காதலித்ததாக என்னை நம்பவைக்கப் பார்த்தார், அப்படியெல்லாம் இல்லை என்றாளாம். யார் சொல்வது சரி? இந்த ஒரு கேள்வியில் உளப்பகுப்பாய்வின் பலமும் பலவீனமும் இரண்டும் அடங்கியிருக்கின்றன. கேட்கும் வரை அது அற்புதம். கேட்பவருக்கு விடை முன்பே தெரிந்துவிட்டால் தொல்லை.

1896 ஏப்ரலில் ஃப்ராய்ட் வியன்னா மருத்துவர்கள் முன் எழுந்து, தான் பார்த்த 18 ஹிஸ்டீரியா நோயாளிகளிடமும் சிறுவயதில் நடந்த பாலியல் அத்துமீறல் இருந்ததாக அறிவித்தார். சபையில் இருந்த பெரிய டாக்டர் க்ராஃப்ட்-எபிங், விஞ்ஞானத் தேவதைக் கதை என்று கிண்டலடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஃப்ராய்டின் தந்தை இறந்தார். 1897 செப்டம்பரில், அந்தக் கொள்கையைத் தானே நம்பவில்லை என்று ஃப்லீஸுக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்து, தாய் மேல் ஆசையும் தந்தை மேல் பொறாமையும் தன்னிடமே கண்டதாக, ஈடிபஸ் கதையைச் சுட்டி எழுதினார். நடந்த கொடுமையிலிருந்து குழந்தையின் கற்பனைக்குப் பழி மாறிய இடம் இதுதான் என்று பின்னால் வந்தவர்கள் சாடினார்கள். அத்துமீறல் நடப்பதை ஃப்ராய்ட் ஒரேயடியாக மறுத்ததில்லை என்பதும் உண்மை. ஆனாலும் மாற்றத்தின் விலை என்ன என்பதை 1900-ல் வந்த ஒரு பெண் காட்டிவிட்டாள்.

அவள் ஒரு மில் முதலாளியின் மகள். ஃப்ராய்ட் டோரா என்று எழுதினார். நிஜப் பெயர் ஈடா பௌவர், வயது 18. அப்பாவுக்குப் பொஹீமியாவில் நெசவாலைகள். அப்பாவின் நண்பர் ஒருவர் இவள் சிறுமியாக இருந்தபோதே கட்டிப்பிடித்து முத்தமிட்டிருக்கிறார், பிறகும் தொந்தரவு. அந்த நண்பரின் மனைவியோடு அப்பாவுக்குத் தொடர்பு. எனவே மகள் சொல்வதெல்லாம் கற்பனை என்றுவிட்டார் அப்பா. புத்தி சொல்லித் திருத்துங்கள் என்று கூட்டிவந்ததும் அவர்தான், கட்டணம் கட்டியதும் அவர்தான். ஃப்ராய்ட் அவள் சொன்னதை நம்பினார். அந்த மட்டில் அந்தக் கால டாக்டர்களில் அவர் அபூர்வம். ஆனால் உனக்கு அந்த மனிதர் மேல் உள்ளூர ஆசை என்று விடாமல் வாதாடினார். 11 வாரங்கள் பொறுத்துப் பார்த்து, டிசம்பர் 31 அன்று அவள் போய்வருகிறேன் என்று எழுந்துவிட்டாள். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து ஆலைகளோடு வளர்ந்த ஊர்களில், பெரிய வீட்டு நட்புகளும் கடன்களும் சம்பந்தங்களும் ஒரு பெண்ணின் வாயை எப்படி அடைக்கும் என்று சொல்லத் தெரிந்த கிழவிகள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். ஃப்ராய்டுக்கு அந்தக் கிழவியின் காது இருந்தது. அவளுடைய சந்தேகம் இல்லை.

வியன்னாவுக்கு வெளியே இந்தக் கொள்கை போனபோது என்ன ஆனது? இதற்கு இந்தியாவில் கையோடு ஒரு சாட்சியம் இருக்கிறது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்றொரு டாக்டர். 1887-ல் பிறந்தவர், சிறுவயதிலிருந்தே மாயாஜாலத்திலும் அறிதுயிலிலும் பைத்தியம். அண்ணன் ராஜசேகர் போஸ், ‘பரசுராம்’ என்ற பெயரில் எழுதிய வங்காளத்தின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர். ஃப்ராய்டின் நூல்கள் கைக்கு வருவதற்கு முன்பே கிரீந்திரசேகர் பேச்சு வழியாக மனநோய்க்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். ஆசைகளை மனம் அழுத்தி வைப்பதைப் பற்றிய தன் ஆய்வேட்டை 1921-ல் வியன்னாவுக்கு அனுப்பினார். இவ்வளவு தூரத்தில் இப்படி ஓர் ஆளா என்று ஃப்ராய்ட் வியந்து பதில் போட்டார். அங்கிருந்து 1937 வரை கடிதப் போக்குவரத்து. நேரில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. போஸின் ஓவிய நண்பர் ஒருவர் ஃப்ராய்டைப் பார்க்காமலேயே, இப்படித்தான் இருப்பார் என்று ஒரு படம் வரைந்து கொடுக்க, அதை அனுப்பிவைத்தார்கள். தன்னை முழு ஆங்கிலேயனாக வரைந்துவிட்டார்கள் என்று ஃப்ராய்ட் சிநேகிதி ஒருவருக்கு எழுதிச் சிரித்தார். அறிவாளி என்றால் ஆங்கிலேய முகம் என்று 1922-ன் கல்கத்தா நினைத்ததில் வியப்பில்லை.

அதே 1922 ஜனவரியில், பார்சிபகான் சந்து 14-ஆம் எண்ணிலிருந்த போஸின் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் பிறந்தது. உறுப்பினர்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் இருந்தனர். அவர்கள் கையில் இந்தச் சாஸ்திரம் எப்படித் திரும்பியது என்று பாருங்கள். ராஞ்சி ஐரோப்பிய மனநோய் மருத்துவமனையை நடத்திய ஓவன் பெர்க்லி-ஹில், இந்துக்களின் சமயம், தத்துவம், குணம் மூன்றையும் மலம் கழிக்கும் பருவத்தோடு முடிச்சுப் போட்டு 1921-ல் கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரி டேலி, வங்காளத்துப் புரட்சிக்காரர்களின் கோபத்துக்குக் காளி வழிபாட்டில் காரணம் தேடினார். வெள்ளையன் மேல் உண்மையாகவே கோபப்படக் காரணம் இருக்கலாம் என்ற எளிய எண்ணம் அவருக்கு வரவில்லை. டோராவுக்கு நடந்தது தேசத்துக்கும் நடந்தது.

போஸ் வேறு வழி போனார். ஆசை எதுவும் தனியாக வருவதில்லை, அதன் எதிராசையும் கூடவே பிறக்கிறது என்பது அவர் கொள்கை: அடிப்பவனுக்குள் அடிபடும் ஆசை, ஆணுக்குள் பெண்ணாகும் ஆசை. 1929-ல் ஃப்ராய்டுக்கு அவர் எழுதியதன் சாரம்: தந்தை தன்னை ஆணுறுப்பு அறுத்துத் தண்டிப்பார் என்ற அச்சம் என் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பிய நோயாளிகளிடம் இருக்கும் அளவு இல்லை, பெண்ணாக வேண்டும் என்ற ஆசையோ இங்குள்ள ஆண்களிடம் எளிதாக மேலே வருகிறது. ஃப்ராய்ட் இதைச் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டார். தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. தத்துவ ஞானி மாதிரி எல்லாவற்றையும் எதிரெதிர் ஜோடியாக்குகிறார் என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. போஸுக்கு இருந்த சந்தேகம் இன்னும் ஆழம்: கூட்டுக் குடும்பத்தில், பல பெண்களின் இடுப்பில் வளர்ந்த பிள்ளைக்கும், அப்பா-அம்மா-பிள்ளை என்ற மூவர் வீட்டில் வளர்ந்தவனுக்கும் ஒரே வரைபடம் பொருந்துமா?

போஸ் தெற்கே வந்து ஸ்ரீவில்லிபுத்தூரைக் கேட்டிருந்தால் பெரியாழ்வாரைக் காட்டியிருப்பார்கள். யசோதையாகவே மாறி, குழந்தைக் கண்ணனைத் தொட்டிலிட்டு, நீராட்டி, காது குத்த அழைத்து, அம்புலியைக் காட்டிப் பாடிய ஆண் அவர். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கே அதுதான் ஊற்று. நம்மாழ்வார் நாயகியாகப் பாடினார், நாயகியின் தாயாகவும் பாடினார். ஓர் ஆண் பெண் குரலில் உருகுவது இங்கே ஒளித்து வைக்க வேண்டிய காரியமில்லை. கோயிலில் சேவிக்கும் பாட்டு. இதை வைத்து ஆழ்வார்களைக் கட்டிலில் படுக்க வைத்து ஆராயக் கிளம்புவது பெர்க்லி-ஹில்லின் வேலையாக முடியும். எதை அழுத்தி வைக்க வேண்டும், எதை ஊரறியப் பாடலாம் என்பதை ஒவ்வொரு சமூகமும் தனக்கென வகுத்துக்கொள்கிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வேன். அப்படியானால் அழுத்தி வைத்தவை தங்கும் நனவிலியின் உள்ளடக்கமும் ஊருக்கு ஊர் மாறும்.

1931-ல் ஃப்ராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்கு இந்தியச் சங்கம் அனுப்பிய பரிசு, தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு. பாம்புப் படத்தின் கீழ் அமர்ந்த கோலம். திருவாங்கூரிலிருந்த பழைய கற்சிலை ஒன்று அதற்கு மாதிரி. அதாவது ராஜபாளையத்துக்காரர்களுக்குச் செங்கோட்டைக் கணவாய் தாண்டினால் வரும் தேசம். டிசம்பரில் வியன்னா போய்ச் சேர்ந்த சிலை ஃப்ராய்டின் மேசையில் இடம் பிடித்தது. கொஞ்ச நாளில் அதில் விரிசல் கண்டது. கல்கத்தாவுக்குப் பழகிய தெய்வத்துக்கு வியன்னாக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஃப்ராய்ட் வேடிக்கையாகக் குறித்து வைத்தார். 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அவர் லண்டன் போனபோது சிலையும் போயிற்று. அவருடைய அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

தென்மாவட்டங்களில் கோடாங்கி இன்னும் இருக்கிறார். உடுக்கை அடித்து, யார் நீ, எந்த ஊரு, எந்த இடத்துல பிடிச்ச, உனக்கு என்ன வேணும் என்று கேட்பார். பேய் பெயர் சொல்லும், குறை சொல்லும், வேண்டியதைக் கேட்கும். கடைசியில் உச்சி முடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்துவிட்டு வருவார்கள். வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகள் பேயின் வாயால் மாமியாரைத் திட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சால்பெத்ரியேரின் மேடையும் ப்ராயரின் மாலை நேரங்களும் செய்ததில் ஒரு பகுதியை இது செய்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஃப்ராய்டே 1923-ல், சாத்தானோடு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த 17-ஆம் நூற்றாண்டு ஓவியன் ஒருவனின் கதையை எடுத்து, அந்தக் காலத்துப் பேய்கள்தான் நம் காலத்து நரம்பு நோய்கள் என்ற தொனியில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இலங்கையில் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்தில் சடை விழுந்து அருள்வாக்குச் சொல்லும் பெண்களோடு பேசி 1981-ல் ஒரு நூல் எழுதினார். தனி மனித வேதனை ஊர் புரிந்துகொள்ளும் சின்னமாக மாறும்போது அதை நோய் என்று மட்டும் சொல்வது போதாது என்பது அவர் முடிவு.

கோடாங்கியைக் கொண்டாடக் கிளம்புவோருக்கு ஒரு கடிவாளம். செஞ்சி வட்டாரத்தில் பேயோட்டுதலை ஆராய்ந்த இசபெல் நபகோவ் கண்டது இது: பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களை, பிடிப்பது அகாலத்தில் செத்த இளைஞர்களின் ஆவி, உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரவழைக்கும் வாக்குமூலத்தின் வடிவம் முன்பே தயாராக இருக்கிறது. முடிவில் அவள் புருஷன் வீட்டுக்கு அடங்கியவளாகத் திரும்ப வேண்டும். அவளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று யாரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. டோராவின் அப்பா ஃப்ராய்டிடம் கேட்டதும் இதைத்தானே?

உளப்பகுப்பாய்வு விஞ்ஞானமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மறுத்தாலும் ஆதாரம், ஒப்புக்கொண்டாலும் ஆதாரம் என்றால் அதைப் பொய்ப்பிக்க வழியில்லை, எனவே விஞ்ஞானமில்லை என்றார் கார்ல் பாப்பர். ஆரன் பெக் என்ற அமெரிக்கர் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு உள்ளவர்களின் கனவுகளில் உள்நோக்கித் திரும்பிய கோபம் இருக்கும் என்ற கொள்கையை நிரூபிக்கப் போய், தோல்வியும் இழப்புமே நிறைந்திருப்பதைக் கண்டார். நோயாளி நேரடியாகச் சொல்வதையே எடுத்துக்கொண்டு 1960-களில் அவர் வகுத்த அறிதிறன் சிகிச்சை, இன்று ஆலோசகர்கள் பரவலாகக் கையாளும் முறைகளில் ஒன்று. ஃப்ராய்டின் மூல முறையோ வாரத்துக்கு நான்கைந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஆண்டுக்கணக்கில். மாதம் ஒருநாள் மில் ஷிப்டை விட்டுவிட்டு 85 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குப் போய் மாத்திரை வாங்கி வரும் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. இந்தக் குறை ஃப்ராய்டுக்கே தெரிந்திருந்தது. ஏழைகளுக்கு இலவச மனநல மையங்கள் வேண்டும் என்று 1918-ல் புடாபெஸ்டில் பேசினார். பெர்லினில் 1920-லும் வியன்னாவில் 1922-லும் அப்படி மையங்கள் திறந்தன. கல்கத்தாவில் போஸ் 1933-ல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். பொது மருத்துவமனை ஒன்றில் மனநோய்க்கென இந்தியாவில் திறந்த முதல் பிரிவு அது.

கடைசியாக, முதலில் வந்த பெர்த்தா பப்பன்ஹைமிடம் திரும்பலாம். அவளை 1895-ன் நூல் குணமானவளாகக் காட்டுகிறது. ப்ராயர் கைவிட்ட 1882 கோடையிலேயே அவள் சுவிட்சர்லாந்தின் சானடோரியம் ஒன்றில் மார்ஃபின் பழக்கத்தோடு படுத்திருந்தாள் என்பதை 1970-களில்தான் வரலாற்றாசிரியர்கள் தோண்டி எடுத்தார்கள். பின்னர் அம்மாவோடு ஃப்ராங்ஃபர்ட் போனாள். அங்கே அவள் பப்பன்ஹைம் அம்மையாரானார். அநாதை விடுதி நடத்தினார். 1904-ல் யூதப் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். பெண்களைக் கடத்தி விற்கும் கும்பல்களைத் தேடிப் பால்கன் நாடுகளிலும் மத்தியக் கிழக்கிலும் அலைந்தார். 1907-ல் நொய்-ஈஸன்பர்க்கில் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஓர் இல்லம் கட்டினார். உலகப் புகழ்பெற்ற அந்த முதல் நோயாளி தாம்தான் என்று வாய் திறந்ததில்லை. அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து ஃப்ராய்டின் வரலாற்றை எழுதியவர்தான் பெயரை வெளியிட்டார். உளப்பகுப்பாய்வு இருபுறமும் வெட்டும் கத்தி, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பது பப்பன்ஹைம் அம்மையாரின் கருத்து. தம் இல்லத்துப் பெண்களுக்கு அந்தச் சிகிச்சை கொடுக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னபோது, 1936-ல் இறக்கும் வரை அவர் அதற்குச் சம்மதிக்கவே இல்லை.